முப்பதாம் நோன்பு

நீதிபதி சொன்னது இருபதாம் நோன்பன்று, திங்கட்கிழமை.
நேசையனுக்குப் புரியாத மொழியில்
இரண்டே வாக்கியம்.
ஜாமீன் இல்லை.
எதிர்த்து எழுதிக் கொடுக்கப் பத்து நாள்.

எங்கள் காதுக்கு வந்தது வியாழன் மாலை,
ஃபர்வானியா அறையில்
கஞ்சிச் சட்டியைச் சுற்றி ஆறு பேர் காத்திருந்தபோது.
அதற்குள் மூன்று நாள் செலவாகியிருந்தது.
தெரிந்த நாளிலிருந்துதானே எண்ணுவார்கள் என்றேன்.
சொன்ன நாளிலிருந்து என்றான் ஷிஹாப்,
டைப்பிங் சென்டரில் பதினெட்டு வருஷமாய்
அடுத்தவர் கெஞ்சலை
வலமிருந்து இடமாக அடிக்கிறவன்.

வெள்ளி, சனி.
கதவு பூட்டியிருந்தாலும் நாள் நாள்தான்.

வழக்கு இதுதான்:
டாங்கர் லாரியில் நானூறு லிட்டர் டீசல் குறைந்தது.
ஓட்டியது நேசையன்.
அளவு காட்டும் முள் கோளாறு என்று அவன் சொன்னதை
யாரும் எழுதிக்கொள்ளவில்லை.
எடுத்தானா என்று என்னைக் கேட்காதீர்கள்.
மாசக் கடைசியில் இரண்டு தினார் வாங்குவான்,
ஒன்றாம் தேதி தலையணைக்கு அடியில் வைத்திருப்பான்.
எனக்குத் தெரிந்தது அவ்வளவு.

உத்தரவின் நகல் வாங்க ஒரு நாள்.
மொழிபெயர்ப்பில் அவன் பெயர் நாசியான் ஆகிவிட,
திருத்த இன்னொன்று.
வகாலாவில் கையெழுத்து வாங்கச் சிறைக்குப் போன
கம்பெனி மந்தூப்
காகிதத்தைக் காரிலேயே வைத்துவிட்டு
உள்ளே போய் நலம் விசாரித்துத் திரும்பினார்.
மறுநாள், இருபத்தொன்பதாம் நோன்பு,
கையெழுத்து வந்தேவிட்டது.
நோன்பு மாதத்தில் மனு வாங்கும் ஜன்னலை
ஒரு மணிக்கு அடைப்பார்கள்.
வந்தது ஒன்று இருபதுக்கு.

மிச்சம் ஒரு நாள்.
அந்த நாள் உண்டா என்பதே
இனி வானத்தின் கையில்.

பிறை தெரிந்தால் நாளை பெருநாள்,
மஹ்கமாவுக்கு ஐந்து நாள் பூட்டு.
லீவில் கெடு விழுந்தால் தானாய் நீளும் என்றார்
ஒரு வக்கீல் குமாஸ்தா.
நீளாது, அப்படி நம்பி உட்கார்ந்த ஒருத்தனை
எனக்குத் தெரியும் என்றார் இன்னொருவர்.
இரண்டு பேரும் தலையை
ஒரே மாதிரிதான் ஆட்டினார்கள்.

மொட்டைமாடியில்
ஏசிப் பெட்டிகளின் இரைச்சலுக்கு நடுவே
கட்டடமே மேற்கைப் பார்த்து நின்றது.
காயல்பட்டினத்துப் பையன் மொகுதூம்
இஸ்திரி போட்ட சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு
போன் கேமராவைப் பெரிதாக்கித் தேடினான்.
நானும் தேடினேன்.
நாற்பத்திரண்டு வயதில் ஒரு வருஷம்கூட
கேட்டிராததைக் கேட்டேன்:
தெரியாதே.
இன்றைக்கு மட்டும் தெரியாதே.
தூசி அடித்தது.
அல்லாஹ் கிருபையால் நல்ல தூசி.

டிவியில் சொன்னார்கள், நாளையும் நோன்பு.
கீழ்க் கட்டிலிலிருந்து ஒரு முனகல்.
ஊருக்குப் போன் போட்டு ஒருவன்
பிரியாணியைத் தள்ளிவைத்தான்.
நான் குளியலறைக்குள் போய்
குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தேன்.
சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டேன்,
படைத்தவனிடமா, மொகுதூமிடமா
என்று தெளியாமல்.

காலையில் என் டோக்கன் அறுபத்தொன்று.
பத்தாக்கா நகல் இரண்டு வேண்டும் என்றான்
ஜன்னலுக்குள் இருந்தவன், ஒன்றுதான் இருந்தது.
ஓடினேன்.
நகல் எடுக்கும் கடையில் மெஷின் சூடேறும் வரை
சுவரில் கைவைத்து நின்றேன்.
பன்னிரண்டு நாற்பதுக்கு முத்திரை விழுந்தது.

அதில் இரண்டு தேதி.
ஆங்கிலத் தேதி எப்படியும் வந்திருக்கும்.
பக்கத்தில், மை கொஞ்சம் கசிந்து,
ரமலான் முப்பது:
பிறக்காமலே போயிருக்கக்கூடிய ஒரு நாள்.

விசாரணை எப்போது என்றேன்.
பெருநாள் கழியட்டும் என்றான்,
அடுத்த எண்ணை அழுத்திக்கொண்டே.

பஸ் நிறுத்தத்தில்
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது.
மக்ரிபுக்கு இன்னும் ஐந்து மணி நேரம்.
அவசரமில்லை.