நாற்பத்தெட்டாவது மணி

போயா நாள். வளாகம் பூட்டிக் கிடக்கிறது.
காவலாளி கையெழுத்து வாங்கிக்கொண்டு
ஒற்றைக் கதவைத் திறந்தார்.
ஓட்டோவில் கொண்டுவந்து விட்ட பாஸித் நானாவும்
மின்விசிறிக்காக உள்ளே வந்துவிட்டார்.
நீர்த்தெள்ளுகளுக்கு விடுமுறை கிடையாது.
வெள்ளி பத்தரைக்குச் செப்பு ஊற்றினேன்,
ஞாயிறு பத்தரைக்கு எண்ண வேண்டும்.

இடது வரிசையில் பத்துக் குவளை:
தலங்கமைக் குளத்தில் அல்லி இலைக்கடியில் அள்ளியவை.
வலது வரிசையில் பத்து:
தெமட்டகொடைக் கால்வாய், பாலத்தடி,
கால் உடைந்த பிளாஸ்டிக் கதிரைக்கும்
எவரோ எறிந்த பேட்டரிக் கூட்டுக்கும் நடுவே.
இரண்டையும் இங்கே
சுத்தத் தண்ணீரில் மூன்று தலைமுறை வளர்த்தோம்,
தாய் பட்டது மகளில் ஒட்டியிருக்கக் கூடாதென்று.
ஆணின்றி மகளைப் பெறும் மகள்கள்.
மூன்று தலைமுறைக்கு மூன்று கிழமை போதும்.

விதி எளியது.
குவளையை மெல்ல ஆட்டு.
பதினைந்து விநாடி பார்.
நீந்தினால் உயிர்.
இல்லையென்றால் தாளில் ஒரு கோடு.

இடது முதற் குவளை: கோடு கோடு கோடு
அடியில் வெள்ளைத் தூசிபோல் பத்துப் பேர்.
இரண்டாவதும் அப்படி.
மூன்றாவதில் கோடு போடும் சத்தம்
எனக்கே கேட்கத் தொடங்கியது.

வலதில் துள்ளுகிறார்கள்.
கடுகில் பாதிக்கும் குறைந்த உடம்பு,
கண்ணாடிச் சட்டை,
உள்ளே இதயம் அடிப்பது
நுணுக்குக்காட்டியில் அப்பட்டமாய்த் தெரியும்.
நூற்றுக்கு அறுபத்தொன்று.
யோகராணி மிஸ்ஸுக்குப் படம் அனுப்பினேன்.
மூன்று ஆச்சரியக்குறி வந்தது.

நானா கண்ணை வைத்துப் பார்த்தார்.
"அப்ப இதுகள் பழகிட்டுது.
நாங்கதான் சும்மா பயப்படுற."
"ஒண்டும் பழகல்ல நானா.
தாங்க ஏலாததெல்லாம் எப்பவோ செத்திட்டு.
செத்தது கால்வாயில இருந்து எழும்பி வந்து
கணக்குச் சொல்லாதுதானே."

அவருக்குப் பஞ்சிகாவத்தையில் முலாம் கடை.
சைலன்சர், பம்பர், மோட்டார்சைக்கிள் ரிம்.
கழுவுநீர் எந்தக் கானில் இறங்குகிறதென்று
நான் கேட்டதில்லை;
அந்த ரிம்களில்தான் என் வகுப்புக் காசு பளபளத்தது.
"பதினாறு வருஷம்," என்றார், "என்ட பொடியன்மார்
ரெண்டு பேருக்கும் ஒரு இருமல் கூட இல்ல."

ரெண்டு பேர்.
நான் விரல் மடித்தேன்.
மூக்கில் இரத்தம் வந்து இரண்டாம் மாதமே போன இஜாஸ்.
மூச்சு வாங்கி, ஆமர் வீதியில் பழம் விற்கப் போன செல்வநேசன்.
கையில் ஆறாத புண்ணோடு ஹட்டன் பஸ் ஏறியவன்,
பெயர் மறந்துவிட்டது.
இன்னும் நாலோ ஐந்தோ.
நானா தன் விரல் மூட்டுத் தழும்புகளைக்
காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இன்னொன்றும் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.
நல்ல தண்ணீரில் விட்டால்
தலங்கமைக்காரி ஒன்பது குஞ்சு பொரிப்பாள்,
கால்வாய்க்காரி நாலு.
உள்ளே வரும் உலோகத்தைக் கட்டிப்போடும் வேலைக்கே
பாதிச் சாப்பாடு போய்விடுகிறது
என்பது மிஸ்ஸின் ஊகம்.
கால்வாய் ஒருநாள் தெளிந்தால்
இந்த வீராங்கனைகள்தாம் முதலில் தோற்பார்கள்.
கொழும்புச் சனம் எதையும் தாங்கும் என்று
வெள்ளம் வடிந்த பிறகு
வானொலியில் யாரோ பெருமையாகச் சொன்னபோது
எனக்கு அந்த நாலு குஞ்சு நினைவுக்கு வந்தது.

இடது வரிசையில் கடைசிக் குவளை மிச்சம்.
பார்க்காமலே கோடு போட்டிருப்பேன், ஒன்பது.
பத்தாவது அடியில் சாய்ந்து கிடந்தது.
ஆட்டினேன்.
எண்ணினேன். பத்து. பதினொன்று.
நானா சாவியைக் கிலுக்கினார்.
பதினாலில்
ஒரு கொம்பு அசைந்தது, பிறகு மற்றது,
அது மேலே ஏறிற்று.

செப்பை இதன் அம்மாவும் கண்டதில்லை,
அம்மாவின் அம்மாவும் கண்டதில்லை.
எங்கிருந்து வந்ததென்று தெரியாமல்
குளத்தில் சும்மா கிடந்த ஒரு தற்செயல்.
கால்வாயிலும் ஒருகாலம்
இப்படி ஒருத்தியில்தான் தொடங்கியிருக்கும்,
சுற்றிலும் தொண்ணூற்றொன்பது தூசி.

அழிப்பானை எடுத்து
முந்திப் போட்ட ஒரு கோட்டை அழித்தேன்.