காலி வண்டி எடை

இரவு ஷிஃப்டில்
சிப்காட் வாசலிலிருந்து லாரிகள் வரிசை கட்டும்.
மேடையில் ஏறும், இறங்கும்.
சரக்கோடு ஓர் எடை, காலியாய் ஓர் எடை.
பெரியதில் சிறியதைக் கழித்துச் சீட்டடித்தால்
கம்பெனிக்கு வேண்டியது வந்துவிடும்.
பதினோரு வருஷமாய்க் கழித்துக்கொண்டிருக்கிறேன்.

பென்சில் கைக்கு வந்தது போன ஆடியில்.
கம்ப்யூட்டர் படுத்துவிட்ட ஒரு ராத்திரி
சீட்டின் முதுகில்
ஜன்னலுக்கு வெளியே நின்ற பத்துச் சக்கர வண்டியை வரைந்தேன்.
டிரைவர் குணாளன் எட்டிப் பார்த்து
"எருமைதான மேடம்?" என்றார்.
கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

அன்றிலிருந்து சக்கரத்தோடு சண்டை.
வட்டம் என்கிறது மூளை.
ஓரமாய் நின்று பார்ப்பவளுக்கு
அது நசுங்கிய முட்டை.
கையை நீட்டி, ஒற்றைக் கண்ணை மூடி,
பென்சில் நுனியால் அளந்து பார்த்தால்
கண் சொல்வதுதான் சரி.
பொய் சொல்லிக்கொண்டிருந்தது நான் படித்த கணக்கு.

மாவட்ட நூலகத்தில் எடுத்த புத்தகத்தில்
நிழல் அத்தியாயத்தை யாரோ கிழித்துப் போயிருந்தார்கள்.
நிழலென்றால் கறுப்பு என்று
ஆறு-பி பென்சிலை அழுத்தித் தேய்த்தேன்.
வண்டி தீப்பிடித்து நின்றது.
பிறகொரு நாள், மணி மூன்றிருக்கும்,
ஆரஞ்சு விளக்கடியில் டீ குடித்தபடி பார்க்கிறேன்,
டயருக்குக் கீழே கிடந்தது நீலம்.
நாவற்பழம் தின்ற நாக்கின் நீலம்.
கிழித்துப் போனவர் எடுத்துக்கொண்டது
இது ஒன்றைத்தானா?

திருப்பாதிரிப்புலியூர் கடையில்
"முந்நூறு கிராம் பேப்பர் இருக்கு, வேணுமா?" என்றார்கள்.
முந்நூறு கிராமுக்கு எத்தனை தாள் என்று கேட்டேன்.
கடைப்பையன் சிரிப்பை விழுங்கினான்.
ஒரு தாள் விலையில் இரண்டு நாள் மீன் வாங்கலாம்.
என் மேடைக்கு இருபது கிலோவுக்குக் கீழே கண் கிடையாது.
நான் ஏறினால் அறுபது,
டிபன் கேரியரோடு ஏறினாலும் அறுபது.
அந்தத் தாளைச் சுருட்டிப் பிடித்தபடி ஏறினேன்.
அறுபது.

நீர்வண்ணத்துக்கு இந்த ஊர் ஒத்துவராது.
மதியம் பூசிய வானம்
விளக்கு வைத்தும் ஈரமாகவே இருக்கும்.
அவசரப்பட்டு மேகம் வைத்தால்
காலிஃபிளவர் பூக்கும்.
ஈரத்தின் மேல் கல்லுப்பைத் தூவினால்
வண்ணத்தை உறிஞ்சி நட்சத்திரம் விடும் என்றது புத்தகம்.
தூவினேன், காத்திருந்தேன்.
எங்கள் ஜாடி உப்பு
கடற்காற்றை ஏற்கனவே வயிறுமுட்டக் குடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதுநகர்த் துறைமுகம்.
உப்பனாற்றில் படகுகள் தோளோடு தோள் இடித்து நிற்கின்றன.
எந்தக் கயிறு எதனுடையது,
எந்தக் கம்பம் எங்கே முடிகிறது,
மூன்று முறை ஆரம்பித்து மூன்று முறை அழித்தேன்.
அழித்த இடத்தில் தாள் பஞ்சாய் எழுந்தது.

அப்புறம்தான் உறைத்தது,
காலி வண்டியை ஏன் இன்னும் எடை போடவில்லை?

படகுகளை விட்டேன்.
இரண்டு படகுக்கு நடுவே ஒரு முக்கோணத் தண்ணீர்.
அதை வரைந்தேன்.
கயிற்றுக்கும் கம்பத்துக்கும் இடையே
வெட்டிய நகம்போல் ஒரு துண்டு வானம்.
அதையும்.
துண்டு துண்டாய் இல்லாததை மட்டும் நிரப்பிக்கொண்டே போனேன்.
பசிக்கவில்லை. வெயில் மட்டும் பிடரியில் நகர்ந்தது.

கூடையை இறக்கி வைத்து அஞ்சலாட்சி குனிந்து பார்த்தார்.
(பெயரைப் பிறகுதான் கேட்டுக்கொண்டேன்.)
"ஆத்த வரஞ்சிட்டு போட்ட வுட்டுட்டியேம்மா."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
ஈர விரல் தாளைத் தொடாமல்
வெள்ளையாய் விட்டிருந்த ஒன்றின் மேல் நின்றது.
"இது எங்குளுது. அணியம் தூக்கலா இருக்கு பாரு."

பார்த்தேன். இருந்தது.
நான் ஒரு கோடும் போடாத இடத்தில்
அவர் படகு மிதந்துகொண்டிருந்தது.

"பச்ச அடிக்கலியே, பெயின்ட் தீந்துபோச்சா?"
"இல்லக்கா, இப்படியே வுட்டுர்றது."
நம்பவில்லை.
காசு போதவில்லை என்று நினைத்திருப்பார்.
போகும்போது இரண்டு சங்கரா மீனைப் பையில் போட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து சுவரில் சாய்த்து வைத்து
தள்ளி நின்று பார்க்கிறேன்.
நடுப்படகு சரி. அதற்கடுத்ததும் பரவாயில்லை.
இடது கோடியில் இருப்பது மட்டும்
எப்படிப் பார்த்தாலும் லாரி.