குறுக்கே ஒரு விமானம்

ஆக்லாந்திலிருந்து தோஹாவுக்குப்
பதினாலாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்.
பதினேழு மணி நேரம்,
எதிர்காற்று அடித்தால் இன்னும் கொஞ்சம்.
பிலோமி போனில் சொன்ன கணக்கு வேறு:
"மூணு சாப்பாடு, ரெண்டு தூக்கம்,
பிள்ளைக்குப் பதினோரு அழுகை."

என் தூரம் இரண்டேகால் கிலோமீட்டர்.
கேட் வாசலிலிருந்து
தள்ளி நிற்கும் விமானத்தின் படிக்கட்டு வரை.
நாளுக்குப் பதினெட்டு நடை, போக வர.
ஆறு வருஷத்தில் இந்த வேலிக்குள்ளேயே
பூமியை மூன்றரைச் சுற்று சுற்றியிருக்கிறேன்.
பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரையும் விழவில்லை.

அவளுக்கு இங்கே இரண்டு மணி பத்து நிமிடம்.
அவள் டிக்கெட் குளிர்ந்த கூடத்துக்கு மட்டும்,
என் அட்டை தார்த்தளத்துக்கு மட்டும்.
டேக் பகதூரிடம் மூன்று நாள் கெஞ்சி
திருவனந்தபுரம் நடையை வாங்கினேன்.
பதிலுக்கு அவனுடைய
இரண்டு வெள்ளிக்கிழமை ராத்திரிகள்
என் தலையில்.

மணி ஒன்று நாற்பது.
ஆகஸ்ட் புழுக்கத்தில்
கண்ணாடி வெளிப்பக்கம் வியர்த்திருந்தது,
மழையே இல்லாமல் வைப்பர் ஓடியது.
எழுபத்தோரு பேர் ஏறினார்கள்.
எழுபத்திரண்டாவதாக அவள்,
ஒரு தோளில் பிள்ளை, மறு தோளில் பை,
எல்லாரையும் இடித்துக்கொண்டு வந்து
என் தடுப்பை ஒட்டி நின்றாள்.

'ஓட்டுநருடன் பேசக்கூடாது' என்று
மூன்று மொழியில் எழுதியிருக்கிறது.
அதில் தமிழ் இல்லை.

"அண்ணே, காதுகிட்டகூட நரைச்சிட்டு."
"ரோட்டப் பாக்க விடு."
"இங்க எங்க ரோடு? கோடுதான கெடக்கு."

ஒன்பது வருஷம்.
சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதோ,
சாப்பிட்டியா என்றுதான் கேட்டேன்.
கோழி ரப்பர் மாதிரி இருந்ததாம்.
அவள் முகம் பின்பார்வைக் கண்ணாடியில் பாதி,
மீதிப் பாதியில் யாரோ ஒருவரின் தொப்பி.

முப்பதில் போகலாம்.
பன்னிரண்டில் போனேன்.
நாலரை நிமிடப் பாதை
பதினொன்றுக்கு இழுத்தது.
அதுவும் போதாமல் நடுவில் நிறுத்தினேன்.

வயர்லெஸ் கரகரத்தது:
"முப்பத்தேழு, ஏன் நிக்கிறாய்?"
"குறுக்கே விமானம் போகுது."

எதுவும் போகவில்லை.
நீல விளக்குகள் வரிசையாய் எரிந்துகொண்டிருந்தன,
அவ்வளவுதான்.
பின்னாலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து
எங்கே விமானம் என்றார், மலையாளத்தில்.
"இப்பத்தான் போச்சு" என்றாள் பிலோமி,
என்னைப் பார்க்காமல்.

கதவைத் திறந்தேன்.
கடைசி ஆள் இறங்கும்வரை
இருக்கையை விட்டு எழக்கூடாது நான்.
அவள் கடைசி ஆளாக இறங்கினாள்.
படிக்கட்டில் பாதி ஏறி
பிள்ளையை மறு தோளுக்கு மாற்றினாள்.
கை காட்டியது போலவும் இருந்தது,
கை வலித்தது போலவும் இருந்தது.
இன்னும் நாலரை மணி நேரம் அவளுக்கு.

காலி வண்டியோடு திரும்பும்போது
உண்மையாகவே ஒன்று குறுக்கே வந்தது,
சன்னல்களே இல்லாத சரக்கு விமானம்.
நிறுத்தினேன்.
அது முழுதாய்க் கடக்க வெகுநேரம் ஆனது.
வயர்லெஸ்ஸில்
யாரும் எதுவும் கேட்கவில்லை.