நீலப் பெட்டி

பன்னிரண்டு வீட்டுக்கு ஒன்று என்றார்கள்.
கிறைஸ்ட்சர்ச்சின் கிழக்கே, எங்கள் தெருவோரப் புல்லில்
நீலக் கழிப்பறைப் பெட்டி.
தாழ்ப்பாளில் பச்சை தெரிந்தால் காலி.

தரை பிளந்து வந்தது நெருப்பில்லை,
சேறு.
சாம்பல் நிறத்தில் உலைபோலக் கொப்பளித்து
லெஸ்டரின் காரை அச்சுவரை விழுங்கியது.

மூன்றாம் நாள்
மண்வாரிகளோடு கல்லூரிப் பிள்ளைகள்.
நாற்பது தள்ளுவண்டி வரை எண்ணினேன்.
ஒருத்தி என் ரோஜாச் செடியைத் தோண்டியெடுத்து
"இது உயிரோடதான் இருக்கு" என்று கத்தினாள்,
ஏதோ ஆளைக் கண்டெடுத்ததுபோல.

வைமாரி வீட்டுக் கதவில் சிவப்புத் தாள்,
என் வீட்டில் மஞ்சள்.
பச்சை வாங்கிய ஹார்கிரீவ்ஸ்
இரண்டு நாள் வெளியே வரவில்லை, வெட்கம்.
பிறகு ஒரு நீள ஒயரை வேலிமேல் எறிந்தார்.
மூன்று வீட்டுக் கெட்டில்கள்
முறைவைத்துக் கொதித்தன.

ஒரு விடியலில் மறுபடி ஆடியது.
நான் பெட்டிக்குள்.
வெளியே வரிசையில் லெஸ்டர்,
மரக்கிளை ஒன்றுக்காக
பதினோரு வருடம் என்னோடு பேசாதவர்.
பெட்டி சாயவில்லை.
கதவைத் திறந்தேன்:
இரு கையாலும் அதைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்,
பைஜாமாவில்,
கண்ணை இறுக மூடி.

ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.
அவர் உள்ளே போனார்.
நான் பிடித்துக்கொண்டேன்.

வைமாரி போய்விட்டாள்.
அவள் மனையில் யாரும் பறிக்காத பிளம்ஸ்.

ஆகஸ்டில் லாரி வந்து பெட்டியை ஏற்றிப்போனது.
புல்லில் சதுரமாய் ஒரு வெளுத்த இடம்.
இடமில்லாத நாளிலும்
லெஸ்டர் தன் புதுக் காரை
அதன்மேல் நிறுத்துவதில்லை.