தற்காலிக இணைப்பு

காலை பத்து மணிக்கே
கம்பத்தின் இரும்பு கையுறைக்குள் சுடுகிறது.
மேலே நின்று பார்த்தால்
சித்திரை மாதத்து மதுரை முழுக்கத் தின்பண்டம்.
தெற்குவாசலில் சீவக் காத்திருக்கும் நுங்குக் குலை,
ஈரச் சாக்கில் படுத்திருக்கும் வெள்ளரிப்பிஞ்சு,
நத்தத்திலிருந்து வந்திறங்கிய காசாலட்டு.
அந்த வாசனைக்கு ஏணி தேவைப்படவில்லை,
தானாகவே ஏறி வந்துவிட்டது.

கீழே இறங்கினால் தெருவுக்கு இரண்டு நீர்மோர்ப் பந்தல்.
எதில் மல்லித்தழை தாராளம்,
எதில் பெருங்காயம் பேருக்கு,
எதில் மோரே பேருக்கு என்று
எங்கள் செக்‌ஷனில் என்னைத்தான் கேட்பார்கள்.

விளக்குத்தூண் பக்கம் மட்டும்
பங்குனிக் கடைசியிலிருந்து நான் போவதில்லை.
மைதீன்பிச்சையின் ஜிகர்தண்டாக் கடை.
பில் கட்டவில்லை, கெடுவும் தாண்டிவிட்டது.
பியூஸ் கட்டையைப் பிடுங்கியது நான்தான்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
குளிர்ப்பெட்டியின் மூடியைத் தூக்கி
தூங்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு
மெதுவாக மூடினார்.
மறுநாள் மதியம் பணம் கட்டிவிட்டார்.
அதற்குள் ஒரு ராத்திரியும் அரைப் பகலும்.
இளஞ்சிவப்பில் ஒரு ஓடை
படியிறங்கிச் சாக்கடைக்குப் போனதாம்,
எறும்புகளுக்கு அன்றைக்கே திருவிழாவாம்.
பாத்திரக்கடைக்காரர் சொல்லிச் சிரித்தார்.
நான் வாளி விலை விசாரித்துவிட்டு வந்துவிட்டேன்.

மீனாட்சி கல்யாணத்துக்கு முந்தின நாள் விருந்து.
அதற்கும் முந்தின ராத்திரி
பள்ளி மைதானத்தில் எனக்கு டூட்டி.
தற்காலிக இணைப்பு:
நாற்பது ட்யூப்லைட், ஆறு கிரைண்டர்,
காற்றைத் தவிர எல்லாம் தருகிற நான்கு மின்விசிறி.
லோடு சரியாக நின்றுவிட்டால் வயர்மேனுக்கு வேலை இல்லை.
வேலை இல்லாதவன் கையில் கத்தியைக் கொடுத்தார்கள்.

காய் நறுக்க ஊரே வந்திருந்தது.
சொந்தக் கத்தி, சொந்தப் பலகை,
சொந்த மருமகளைப் பற்றிய சொந்தக் கதை.
பூசணி மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வங்கி மேனேஜர்,
கண்ணாடியில் விதை ஒட்டியிருந்தது தெரியாமல்
கணக்காக வெட்டிக்கொண்டிருந்தார்.
இந்தப் பக்கம் பூக்கட்டும் சௌந்திரம்.
"என்னத்த நறுக்குற, கரண்டு கம்பிய வெட்டுற மாதிரி"
என்று அவள் என் கத்திரிக்காயைத் திட்டும்போதே
எதிரில் ஒருவர் வந்து உட்கார்ந்தார்.
மடியில் துண்டு. கையில் அரிவாள்மனை.
மைதீன்பிச்சை.

நான் தலை நிமிரவில்லை.
நூறு காய் இருக்கும், நூற்றைம்பது இருக்கும்.
ஒன்றைக்கூட எண்ணாமல் இல்லை.
ரெண்டு மணிக்கு அவர் கை நீண்டது,
என் பலகையிலிருந்து ஒரு துண்டை எடுத்தது.
"ஒரே அளவா வெட்டுங்க லைன் சார்.
பெருசு வேகாது.
சின்னது கரஞ்சிரும்."

கரைஞ்சிரும் என்றபோது
அவர் முகத்தில் ஏதாவது இருந்ததா என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.
விடிகிறவரை ஒரே அளவாக வெட்டினேன்.

விருந்தில் மொய்க் கவர் கொடுத்துவிட்டு
இலையில் உட்கார்ந்தேன். சாம்பாரில்
அவர் துண்டு எது, என் துண்டு எது என்று தேடினேன்.
மேனேஜரின் பூசணியை மட்டும்தான்
அடையாளம் தெரிந்தது.

அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள்
நகரமே அரைத்தூக்கத்தில் நடந்தது.
என் கால் தானாக விளக்குத்தூணுக்குத் திரும்பியது.
"வாங்க, கரண்டு இருக்கு" என்றார்.

உயர டம்ளர்.
அடியில் பாதாம் பிசின், மேலே நன்னாரி,
சுண்டிச் சுண்டிச் சிவந்த பால்,
அதன் தலையில் ஒரு உருண்டை ஐஸ்கிரீம்,
அப்போதுதான் சாயத் தொடங்கியிருந்தது.
உருகுவதற்குள் குடிக்கிற அவசரத்தை
வாழ்க்கையில் முதல்முறை மரியாதையாகச் செய்தேன்.

கிழித்த காலண்டர்த் தாளின் முதுகில்
பில் எழுதி நீட்டினார்:
ஜிகர்தண்டா அறுபது.
மறு இணைப்புக் கட்டணம் இருபது.

எண்பதை எண்ணி வைத்தேன்.
"ரசீது?" என்றேன்.

காலி டம்ளரை வாங்கி
ஒரு கரண்டி பாசந்தியை ஊற்றித்
திருப்பிக் கொடுத்தார்.