நாலு இல்லாத கடிகாரம்

கானாடுகாத்தானில் ஒரு வீடு, நாற்பது நாள் வாடகைக்கு.
தொலைக்காட்சித் தொடர்.
ஒருபக்கம் எடுக்க எடுக்க மறுபக்கம் ஒளிபரப்பு.
கதை, சொன்னால் நாலு வரி:
நிலவில் சுரங்கம் வெட்டப் போகிற ஆட்களுக்கு
ஏற்றி அனுப்புமுன் பிடரியில் ஓர் ஊசி.
கண் விழித்தால் அவனுக்கு ஊரில் ஒரு வீடு இருக்கும்.
முற்றத்தில் மழை, மாடியில் புறா,
பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு குரல்.
திரும்பி வர வீடிருப்பவன்
கூடுதலாக வெட்டுவான் என்பது கம்பெனியின் கணக்கு.
முந்நூறு பேருக்கும் ஒரே வீடு.
ஒருவனுக்கும் தெரியாது.

எனக்குக் கலைப் பிரிவில் வேலை:
நடக்காத ஞாபகத்துக்குச் சாமான் வாங்கிப் போடுவது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில்
வயிரவன் கடை. போட்டோ ஒன்று நூற்றைம்பது,
கண்ணாடி விரிசல் என்றால் நூறு.
"இவங்க யாரு?"
"யாரா வேணா இருக்கட்டும். உங்க கதைல யாரு?"
பினாங்கிலோ ரங்கூனிலோ எடுத்த முகங்கள்,
நாற்காலி முதுகில் கை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு.
பதினோரு பேரை வாங்கினேன்.
வேனின் பின்சீட்டில் ஒருவர்மேல் ஒருவராக வந்து
கதாநாயகனுக்குச் சிற்றப்பன் ஆனார்கள், அத்தை ஆனார்கள்,
காய்ச்சலில் போன அக்கா ஆனார்கள்.

இயக்குநர் தமிழ்க்கொடி சொன்னார்:
"பாக்குறவங்களுக்கு ஒரு துப்பு வேணும்.
பொய் ஞாபகம்னா மட்டும் ஒரு பிசகு. சின்னதா."
அதே கடையில் வாங்கிய சுவர்க்கடிகாரத்தை இறக்கி
தின்னர் நனைத்த பஞ்சால்
நாலாம் எண்ணைத் துடைத்தேன்.
மூணுக்கும் அஞ்சுக்கும் நடுவே
பல் விழுந்த இடம் மாதிரி.

மூன்றாம் வாரத்துக்குள் சனம் பிடித்துக்கொண்டது.
பெரியார் சிலைப் பக்கம் ஒரு மெக்கானிக்,
கொடுத்த கடனைக் கேட்டு வந்தவனிடம்:
"நான் எங்கண்ணே வாங்கினேன்?
ஒங்க கடியாரத்துல நாலு இருக்கான்னு பாருங்க."

முடிய ஆறு நாள் இருக்கும்போது,
லென்ஸ் மாற்றுகிற இடைவெளியில், கையில் டேப்போடு நிற்கையில்
எனக்கு அந்த நாள் வந்தது.
லாரி. திருமயம் வளைவு. அப்பா.
போன் அடிக்கிறது. அம்மா சுவரோடு சரிந்து உட்காருகிறாள்.
நான் நிமிர்ந்து மணி பார்க்கிறேன்.
சின்ன முள் நாலில் நிற்க வேண்டும்.
நிற்கிறது.
அங்கே எண் இல்லை.

ராத்திரியே உமையாளை அழைத்தேன்.
"அக்கா, அன்னைக்கு நம்ம வீட்டுக் கடியாரம்..."
"நமக்கு ஏதுடி கடியாரம்? போனும் கெடையாது.
எதுத்த வீட்டு மெய்யம்மைதான் ஓடி வந்து சொன்னா. காலைல.
நீ இட்லி தின்னுக்கிட்டிருந்தே.
ரெண்டையும் தின்னு முடிச்சுட்டுத்தான் எந்திரிச்சே."

தேடிப் பார்த்தேன்.
மணி அடிக்கிறது, முள் நிற்கிறது,
சுவர் கூடப் பச்சை நிறத்தில் இருக்கிறது.
இட்லி இல்லை.

யார் ஏற்றியது? எந்தச் சுரங்கத்தில்
நான் கூடுதலாக வெட்டுவதற்கு?
தட்டைக் காலி செய்த பிள்ளையைவிட
நிமிர்ந்து மணி பார்த்த பிள்ளை
கொஞ்சம் நல்லவளாகத் தெரிகிறாள்,
அதனாலா?

கடைசி நாள், எல்லாவற்றையும் பாதி விலைக்குத் திருப்பப் போனேன்.
வயிரவன் போட்டோக்களை எண்ணினார். பதினொன்று, சரி.
கடிகாரத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.
"இது நம்ம கடைச் சரக்கு இல்லையே.
நாலு இல்லாததை நான் ஏன் வாங்கி வைக்கப் போறேன்?"
ரசீதைக் காட்டினேன்.
கண்ணாடி மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.
"கையெழுத்து என்னதுதான்," என்றார்.
"ஆனா நான் விக்கலை."

பஸ் நிலையத்தில், கடிகாரம் மடியில்,
இரண்டு இட்லி சொன்னேன்.
அவசரப்படாமல், விள்ளல் விள்ளலாக,
ஒன்றும் மிச்சம் வைக்காமல் தின்றேன்.
எதுவும் வரவில்லை.
சட்னி நன்றாக இருந்தது.