ஏழாம் எண் வாசல்

நுத்ஸா கையிலிருக்கும் வரைபடத்தில்
எங்கள் வாசலுக்கு ஏழாம் எண்.
ஆறு, கந்தக வெந்நீர்க் குளியல் கூடம்.
எட்டு, கோட்டைக்கு ஏறும் ரோப்கார்.
நடுவில் நாங்கள்,
திபிலிசியின் ஸோலோலாக்கியில், செங்குத்தான தெருவில்,
எண்ணெய் வியாபாரி ஒருவன் ஆசையாய்க் கட்டி
குடியிருக்கக் கொடுத்துவைக்காமல் போன மாளிகை.
பதினோரு குடும்பம்.
மின்மீட்டர் மட்டும் ஒன்பது,
எப்படி என்று கேட்காதீர்கள்.

நுழைந்ததும் அண்ணாந்து பார்க்க வேண்டும்.
கூரை முழுக்க மயில்கள்.
வரைந்தவன் இத்தாலியன் என்பாள் நுத்ஸா.
வந்திருக்கும் குழு வார்சாவிலிருந்து என்றால்
போலந்துக்காரன் என்பாள்.
ஒரு மயிலுக்குத் தலை இல்லை.
தொண்ணூற்றிரண்டின் குளிரில்
மின்சாரமும் எரிவாயுவும் நின்றபோது
படிக்கட்டிலேயே அடுப்பு மூட்டினோம்,
கைப்பிடி மரத்தை உடைத்து.
புகை தின்ற தலை அது.
நுத்ஸாவுக்குத் தெரியும், சொல்வதில்லை.
அந்த வருடம் அவள் பிறந்தே இருக்கவில்லை.

தரையில் சின்னச் சின்ன ஓடுகள் பதித்து
சால்வே என்று எழுதியிருக்கிறது.
முப்பது வருடம் அதன் மேல் செருப்பைத் துடைத்துவிட்டு
ஒரு கொரியப் பெண் சொல்லித்தான் தெரிந்தது
லத்தீனில் 'வருக'வாம்.

விளக்கு, நான்காம் மாடி ஜும்பெரின் பொறுப்பு.
சுவிட்சுக்கு மேலே ஒரு காப்பி டப்பாவைக் கம்பியால் கட்டினார்.
'விளக்குக்கு ஒரு நாணயம். மயில் இலவசம்.'
மூன்று மொழியில் எழுதினார், மூன்றிலும் பிழை.
மாதக் கடைசியில் என் மேசையில் கொட்டி எண்ணுவோம்:
யென், பெசோ,
ஒருமுறை கோட்டுப் பொத்தான்.
பொத்தானை அவரே எடுத்துக்கொண்டார்,
அவர் கோட்டில் ஒன்று குறைந்திருந்தது.

உருளைக்கிழங்குப் பையோடு நான் ஏறும்போது
அவர்கள் சுவரோடு ஒட்டி வழிவிடுவார்கள்,
குரலைத் தணித்துக்கொண்டு,
நானும் பார்க்கவேண்டிய ஏதோ ஒன்று போல.
எத்தனை நாட்டு அலைபேசிகளில்
என் முதுகு இருக்கிறதோ.

மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை,
ஜும்பெர் கீழே இறங்க வேண்டியிருந்தது.
லிஃப்டில் பெட்டி நுழையாது.
ஆறு பேர் வேண்டும்.
மகன், மருமகன், ரொட்டிக்கடை கராபெத்,
மாடியறையில் தங்கிப் படிக்கும் பையன்,
ரேவாஸ்.
ரேவாஸுக்கு இடுப்பு சரியில்லை.
ஆக, நாலரை பேர்.

வீட்டுக் கதவில் பெட்டியை மூன்று முறை இடித்தோம்,
போய்வருகிறேன் என்று சொல்ல
அவருக்கு வேறு வழி இல்லாததால்.

இரண்டாம் திருப்பத்தில் சிக்கியது.
ரேவாஸ் உட்கார்ந்துவிட்டார்.
கீழே, ஏழாம் எண்ணைப் பார்க்க வந்த இருபது பேர்.
நுத்ஸா கையைத் தூக்கினாள்,
கேமராக்கள் இறங்கின.
மஞ்சள் மழைச்சட்டை போட்ட ஒருவன் மட்டும்
முதுகுப்பையைக் கழற்றிவிட்டு மேலேறி வந்தான்.
யாரும் கூப்பிடவில்லை.
ரேவாஸ் விட்ட மூலையில் தோளைக் கொடுத்தான்.

கராபெத் இடது என்றால் அவன் வலது சாய்ந்தான்.
பெட்டி சுவரில் உரசி
பழைய பச்சைச் சாயம் ஒரு கையளவு
பொலபொலவென்று உதிர்ந்தது.
உரசிக்கொண்டேதான் இறங்கினோம்.
நான் பின்னால்,
தட்டில் கோதுமையும் மெழுகுவர்த்தியுமாக.

தெருமுனையில் வண்டி திரும்பிய பிறகு
எட்டாம் எண்ணுக்குக் கிளம்பிவிட்டது குழு.
அவன் மட்டும் திரும்பி வந்து
சால்வேயின் மேல் நின்றான், தோளைத் தேய்த்துக்கொண்டு.
பின்பக்கமாகவே படியிறங்கியவன்,
கண்ணெல்லாம் காலடியில்.
இன்னும் அண்ணாந்து பார்த்திருக்கவில்லை.

உள்ளே இருட்டு.
டப்பாவில் நாணயம் விழும் சத்தம்.
சுவரைத் தடவித் தேடினான்.
அந்த சுவிட்ச் லேசில் அகப்படாது,
கொஞ்சம் தூக்கி அழுத்த வேண்டும்.

தட்டைப் படியில் வைத்துவிட்டுப் போய்
நான் போட்டேன்.